இரும்பைத் தொடாத கொல்லர்கள்: ஸ்மித், ஷ்மிட், ஃபெராரி, குஸ்நெட்ஸ்…

#1 கரித்துண்டு (இழையைத் தொடங்கியவர்)

நேற்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தின் 1776ஆம் ஆண்டுப் புத்தகத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்தில் வரும் குண்டூசிப் பட்டறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலையைப் பிரித்துக்கொண்டு பத்துப் பேர் செய்தால் ஒரு நாளைக்கு 48,000 குண்டூசி. கொஞ்சம் தள்ளி ஆணி அடிக்கிற கொல்லர்கள் வருகிறார்கள். அந்தப் பத்தியை இதுவரை நான் சரியாகப் படித்ததே இல்லை.

சம்மட்டி பிடித்துப் பழகியவன்தான், ஆனால் ஆணி செய்து பழக்கமில்லை என்றால், ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தேறுமாம், அதுவும் மட்டமான ஆணி. ஆணியும் செய்வான், வேறு வேலையும் பார்ப்பான் என்றால் எண்ணூறிலிருந்து ஆயிரம். பிறந்ததிலிருந்து ஆணியைத் தவிர வேறெதுவும் செய்யாத, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் 2,300க்கு மேல் அடித்துத் தள்ளுவதைத் தானே பார்த்ததாக எழுதுகிறார்.

அங்கேதான் பொறி தட்டியது. ஸ்மித் என்றாலே கொல்லன். கொல்லன் என்று பெயர் வைத்த ஒருவர், பட்டறை வாசலில் நின்று மற்றக் கொல்லர்கள் அடிக்கிற ஆணியை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருடைய அப்பா சுங்க அதிகாரி. அவரும் கடைசிக் காலத்தில் சுங்க ஆணையர். கையில் கரி பட்டதே கிடையாது.

சரி, ஒரு பட்டியல் போடலாமா? எந்த மொழியானாலும் பரவாயில்லை. குடும்பப்பெயருக்கு நேர்ப்பொருள் கொல்லன் என்று இருக்க வேண்டும். ஆள் நாலு பேருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சிறப்புக் கேள்வி: இவர்களில் யாராவது நிஜமாகவே உலைக்களத்தில் நின்று இரும்பு அடித்திருக்கிறார்களா? அப்படி ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு இழையின் கிரீடம்.

#2 நடுநிசி

கொல்லத் தெருவிலேயே ஊசி விற்ற ஆள் ஆடம் ஸ்மித்தான் போலிருக்கிறது.

#3 கணக்குப்பிள்ளை

பொருளாதாரம் என் பேட்டை, நானே தொடங்குகிறேன்.

சைமன் குஸ்நெட்ஸ். 1901இல் பின்ஸ்க் நகரில் பிறந்து, 1922இல் அமெரிக்கா போனவர். ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை எப்படி எண்ணுவது என்று 1934இல் அமெரிக்க செனட்டுக்கு அறிக்கை கொடுத்தவர். இன்று செய்தியில் தினம் அடிபடும் உள்நாட்டு உற்பத்தி மதிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1971இல் நோபல். ரஷ்ய மொழியில் குஸ்நெட்ஸ் என்றால் கொல்லன். அதாவது ரஷ்ய ஸ்மித். அதே அறிக்கையில், இந்த எண்ணை வைத்து மக்கள் நலத்தை அளந்துவிட முடியாது என்றும் எச்சரித்தார். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

இன்னொருவர் வெர்னன் ஸ்மித், 2002 நோபல். மாணவர்களை உட்கார வைத்து விற்கவும் வாங்கவும் சொல்லி, சந்தை எப்படி விலையைக் கண்டுபிடிக்கிறது என்று சோதனை நடத்தியவர்.

போதாதென்று ஃபெர்னாண்டோ ஹத்தாத். லெபனானிலிருந்து பிரேசிலுக்குக் குடியேறியவரின் மகன், 2023இல் அந்த நாட்டு நிதியமைச்சர் ஆனவர். அரபியில் ஹத்தாத் என்றாலும் கொல்லன்தான்.

ஆங்கிலக் கொல்லன், ரஷ்யக் கொல்லன், அரபுக் கொல்லன், எல்லாரும் காசு எண்ணுகிறார்கள். இதற்கு என்ன பொருள் என்று கேட்காதீர்கள். ஒரு பொருளும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

#4 வால்நட்சத்திரம்

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். வானியலில் ஷ்மிட்களுக்குப் பஞ்சமே இல்லை.

பெர்ன்ஹார்ட் ஷ்மிட், 1879இல் எஸ்தோனியாவின் ஒரு சிறு தீவில் பிறந்தவர். பையனாக இருந்தபோது வெடிமருந்தை வைத்து விளையாடி வலது கையைப் பறிகொடுத்தார். மிச்சமிருந்த இடது கையால் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, உலகத்திலேயே நேர்த்தியான தொலைநோக்கி ஆடிகளைச் செய்தார். 1930இல் அவர் ஹாம்பர்க்கில் செய்து காட்டியதுதான் ஷ்மிட் தொலைநோக்கி. வானத்தின் அகலமான பரப்பை, ஓரத்தில்கூடக் கலங்காமல் ஒரே படத்தில் எடுக்கும்.

மார்ட்டென் ஷ்மிட், நெதர்லாந்துக்காரர். 1963இல் 3சி 273 என்ற நட்சத்திரம் போன்ற புள்ளியின் ஒளிப்பட்டையைப் பார்த்து, கோடுகளெல்லாம் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருப்பதையும், அது நம் பால்வீதிக்கு எவ்வளவோ அப்பால் இருப்பதையும் கண்டுகொண்டவர். குவேசார் எனப்படும் இந்த மாதிரிப் புள்ளிகள் என்ன என்று புரிந்தது அன்றைக்குத்தான்.

பிரையன் ஷ்மிட், அமெரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். பிரபஞ்சம் விரிவது மட்டுமில்லை, விரிவின் வேகமும் கூடுகிறது என்று கண்டதற்காக 2011 நோபலை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

மூன்று பேர், மூன்று நாடு, ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

#5 கரித்துண்டு

> மிச்சமிருந்த இடது கையால் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து

இது பட்டறை வேலைக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. ஆனால் கண்ணாடி, இரும்பில்லை. கிரீடம் இல்லை, மன்னிக்கவும்.

#6 அகரமுதலி

இழை ஓடட்டும். அதற்கு முன் சில விஷயத்தைச் சரிபண்ணிவிட்டுப் போகிறேன்.

முதலில், இந்தக் குடும்பப்பெயர்களைத் தயவுசெய்து யாரும் தொழிற்பெயர் என்று எழுதிவிடாதீர்கள். படித்தல், நடத்தல் எல்லாம் சண்டைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, ஃபெரெய்ரா, எர்ரேரா ஆகிய பெயர்களை யாராவது கொண்டுவரப் போகிறீர்கள் என்று தெரியும். ஸ்பானிய மொழியில் கொல்லன் எர்ரேரோ. எர்ரேரா என்பது இரும்பு வேலை நடந்த இடம். அந்தப் பெயரில் ஊர்கள் உண்டு, அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் எர்ரேரா ஆனார்கள். போர்த்துகீசிய ஃபெரெய்ராவும் அப்படித்தான், இரும்பு கிடைத்த இடம். அதாவது ஊர்ப்பெயர். இழைத் தலைவரின் விதிப்படி இரண்டும் தள்ளுபடி.

மூன்றாவது, ஸ்மித் என்ற சொல் அடிப்பது என்ற பொருளுள்ள ஆங்கில வினையிலிருந்து வந்தது என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள். ஒலி ஒத்துப்போவதால் வந்த ஊகம், அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் உலோக வேலைக்காரனைக் குறித்தது.

நான்காவது, லத்தீனில் கொல்லன் ஃபாபெர். உண்மையில் கெட்டியான பொருளில் வேலை செய்கிற எந்தக் கைவினைஞனும் ஃபாபெர்தான், தச்சன் உட்பட. அதிலிருந்து ஃபிரெஞ்சில் ஃபாப்ர், ஃபாவ்ர், ஃபோர், லஃபேவ்ர் என்று ஒரு பெரிய கூட்டமே கிளம்பியது. இந்த லஃபேவ்ர் வேடிக்கையானது. எழுத்தில் நடுவே ஒரு ப் இருக்கும், வாயில் வராது. லத்தீன் மூலத்தை ஞாபகப்படுத்த எழுத்தர்கள் செருகிய எழுத்து அது. அந்தக் காலத்தில் உகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரே வடிவம் என்பதால் சிலர் அதை உகரமாகப் படித்து லஃபெபூர் ஆக்கிவிட்டார்கள். இன்று லஃபெபூர் என்பதும் தனிக் குடும்பப்பெயர். எழுத்தர் ஒருவரின் படிப்பு, படிப்பவரின் அவசரம், இரண்டும் சேர்ந்து ஒரு வம்சம்.

#7 கரித்துண்டு

எர்ரேரா தள்ளுபடி, ஏற்றுக்கொள்கிறேன். விதி விதிதான்: கொல்லன் வேண்டும், கொல்லன் இருந்த இடம் போதாது.

#8 நடுநிசி

அப்போ ஃபெராரி?

#9 அகரமுதலி

ஃபெராரி உள்ளே. இத்தாலிய மொழியில் ஃபெராரோ என்றால் கொல்லன், ஃபெராரி அதன் பன்மை. கொல்லர்கள், கொல்லர் வீட்டார். இத்தாலியில் மிகவும் பரவலான பெயர்களில் ஒன்று.

#10 நடுநிசி

அப்படியானால் 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ஃபார்முலா ஒன் பட்டத்தை வாங்கியது, கொல்லன் செய்த வண்டியில் ஏறிய செருப்புத் தைப்பவர். ஷூமாகர் என்றால் ஜெர்மனில் அதுதானே? அந்த மைக்கேல் ஷூமாகரின் அப்பாவோ கொத்தனார்.

#11 பழுப்புத்தாள்

என்ஸோ ஃபெராரி விஷயத்தில் கிரீடத்துக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. அவருடைய தாத்தா மளிகைக்காரர். அப்பா ஆல்ஃப்ரெடோ மோடெனாவில் வீட்டை ஒட்டியே உலோக உதிரிப்பாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஆக, அப்பா ஓரளவு பெயருக்குப் பொருந்தியவர். மகன் பந்தயம் ஓட்டினார், பிறகு அணி நடத்தினார், பிறகு கார்.

ஆனால் எனக்குப் பிடித்த ஃபெராரி இவரில்லை. லோடோவிக்கோ ஃபெராரி, 1522இல் போலோன்யாவில் பிறந்தவர். பதினாலு வயதில் கர்தானோ என்ற கணித மேதை வீட்டுக்கு வேலைக்காரப் பையனாகப் போனார். பையனுக்குப் படிக்கத் தெரிகிறதே என்று கர்தானோ கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சில வருடத்தில், அதுவரை யாரும் அவிழ்க்காத நாற்படிச் சமன்பாட்டுக்கு அந்தப் பையன் வழி கண்டுபிடித்துவிட்டான். 1545இல் கர்தானோ வெளியிட்ட புத்தகத்தில் அது ஃபெராரியின் கண்டுபிடிப்பு என்றே வருகிறது. வேலைக்காரப் பையன் பெயரை மறைக்காமல் எழுதிய அந்த மனசை நினைத்துப் பாருங்கள்.

#12 மரவட்டை

வணக்கம், இவ்வளவு நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். அகரமுதலி ஐயா ஃபாபெர் என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். இங்கே கொல்லர்கள்தான் ஈயைத் தேடிப் போயிருக்கிறார்கள்! ஜான்-ஆன்ரி ஃபாப்ர், 1823 முதல் 1915 வரை வாழ்ந்த ஃபிரெஞ்சுக்காரர். குளவி எப்படி இரையை மயக்குகிறது, சாண வண்டு எப்படி உருண்டையை உருட்டுகிறது என்று வெயிலில் குப்புறப் படுத்துப் பார்த்து எழுதியவர். அவருக்கு எழுபத்தெட்டு வருடம் முன்னால் பிறந்தவர் டென்மார்க்கின் யோஹான் கிறிஸ்டியான் ஃபாப்ரிசியஸ். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்கு அறிவியல் பெயர் வைத்தவர். ஃபாப்ரிசியஸும் ஃபாபெர் குடும்பம்தானே, ஐயா?

#13 அகரமுதலி

ஆமாம், அதே வேர்தான். அந்தக் காலத்து அறிஞர்கள் தங்கள் பெயருக்கு லத்தீன் சட்டை மாட்டிக்கொள்வார்கள். ஷ்மிட் என்று இருந்தால் ஊர்க்காரன் மாதிரி இருக்கிறது, ஃபாபெர் அல்லது ஃபாப்ரிசியஸ் என்றால் கனம்.

தமிழ் அகராதிகளோடு பழகியவர்கள் இதற்குள் ஒரு பெயரை யோசித்திருப்பீர்கள். யோஹான் பிலிப் ஃபாப்ரிசியஸ், 1711இல் பிறந்த ஜெர்மன் மதபோதகர். 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி கொண்டுவந்தாரே, அவர்தான். முப்பது வருடமாக ஃபாப்ரிசியஸ் அகராதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது கொல்லன் அகராதி என்று இந்த இழையில்தான் உறைத்தது. சொல்லை நெருப்பில் போட்டுத் தட்டியவர் என்று கவிதை பாட மாட்டேன், பயப்படாதீர்கள்.

பாவம், கடைசிக் காலத்தில் பணத்தைச் சரியாக நிர்வகிக்கத் தெரியாமல் கடன்பட்டுச் சிறைக்கும் போனார்.

#14 வால்நட்சத்திரம்

ஃபாப்ரிசியஸ் என்றால் எங்களுக்கு அப்பா, மகன் இருவர். அப்பா டாவிட், 1596இல் திமிங்கல விண்மீன் குழுவில் கூடிக் குறையும் மீரா நட்சத்திரத்தைப் பார்த்தவர். மகன் யோஹான்னஸ், 1611இல் சூரியப் புள்ளிகள் பற்றி முதன்முதலில் அச்சில் எழுதியவர்.

அப்பாவின் சாவு கொடுமை. அவர் பாதிரியாரும்கூட. வாத்து திருடிய ஒருவனைப் பிரசங்க மேடையில் வைத்துச் சாடினார். அவன் மண்வெட்டியால் தலையில் ஒரே போடு. 1617. கொல்லன் பெயர்க்காரரை முடித்தது கொல்லன் அடித்துக்கொடுத்த சாமானாகத்தான் இருக்கும்.

#15 நடுநிசி

வாத்துக்காகவா!

#16 பழுப்புத்தாள்

சிறை என்றதும் ஞாபகம் வருகிறது. வில்லியம் ஸ்மித் (1769–1839). கரித்துண்டு, கிரீடத்தைத் துடைத்து வையுங்கள், கிட்டத்தட்ட ஆளைப் பிடித்துவிட்டேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சர்ச்சில் என்ற கிராமம். அப்பா ஜான் ஸ்மித், அந்த ஊர்க் கொல்லர். பெயருக்குப் பெயரும் சரி, தொழிலுக்குத் தொழிலும் சரி. ஆனால் பையனுக்கு எட்டு வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார், பட்டறை கைக்கு வரவில்லை. பையன் நில அளவை கற்றுக்கொண்டான். கால்வாய் வெட்டும் இடங்களில் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்தான். ஒவ்வொரு அடுக்கிலும் தனக்கென்று தனிப் புதைபடிவங்கள் இருப்பதைக் கவனித்தான். அடுக்கின் வரிசையை அந்தச் சிப்பிகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று புரிந்துகொண்டான்.

அப்புறம் வருடக்கணக்காக நாடு முழுவதும் சுற்றி, 1815இல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி எல்லாவற்றுக்கும் நிலவியல் வரைபடம் போட்டார். ஆள் உயரத்தைவிடப் பெரிய படம். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வண்ணம். அடிப்பக்கம் அழுத்தமாக, மேலே போகப் போக வெளிறி, அடுக்கு எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணுக்கே தெரியும். கையால் பூசிய வண்ணம்.

பலன்? 1819இல் கடனாளிகள் சிறை. வெளியே வந்து பார்த்தால் வீடும் இல்லை, சாமானும் இல்லை. மரியாதை 1831இல்தான் வந்தது. லண்டன் நிலவியல் சங்கத்தின் வல்லஸ்டன் பதக்கத்தை முதன்முதலில் வாங்கியவர் அவர்.

கொல்லன் மகன், கொல்லன் பெயர். கையில் சுத்தியும் உண்டு, பாறை உடைக்கிற சுத்தி. கொடுங்கள் கிரீடத்தை.

#17 கரித்துண்டு

மனசு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இரும்பு அடிக்கவில்லையே. அப்பாவுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம், ஆனால் அப்பா பிரபலம் இல்லை. இரண்டையும் ஒரே தலையில் வைக்க ஆள் வேண்டும்.

#18 மரவட்டை

சிறைக்குப் போன கொல்லர்கள் என்று தனி இழையே போடலாம். ஜோசஃப் ஸ்மித், மார்மன் மதத்தை நிறுவியவர், 1844இல் இல்லினாய் மாநிலத்தில் சிறைக்குள் இருக்கும்போதே கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. இசையமைப்பாளர் எத்தல் ஸ்மைத், எழுத்து சற்று வேறு, பெயர் அதேதான். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி 1912இல் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தார். கீழே முற்றத்தில் மற்றக் கைதிகள் அவர் இசையமைத்த போராட்டப் பாட்டைப் பாட, மேலே அறை ஜன்னலிலிருந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் நடத்தினாராம். பார்க்கப் போன இசை நடத்துநர் தாமஸ் பீச்சம் சொன்ன கதை. விலங்கு அடிக்கிற பெயர்க்காரர்கள் விலங்கு மாட்டிக்கொள்வது நன்றாகத்தான் இருக்கிறது.

#19 புதுமுகம்27

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். அந்தக் காலத்தில் கொல்லர் வேலைதான் எல்லாரும் செய்தார்களா? ஏன் இவ்வளவு ஸ்மித்? அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் மட்டும் ஸ்மித் 24,42,977 பேர் என்று படித்தேன். இவர்கள் எல்லாம் ஒரே மூதாதையா?

#20 அகரமுதலி

நேர் எதிர். எல்லாரும் செய்த வேலை விவசாயம். ஆனால் ஊரே உழும்போது ஒருவரை உழவன் என்று கூப்பிட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அடையாளத்துக்குத்தான் பெயர். கொல்லன் என்றால் ஊருக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். சொன்னதும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆக, அரிதாக இருந்ததால்தான் பெயர் ஒட்டியது. ஆனால் ஏர்க்காலுக்கும் கதவுக்கும் குதிரைக் குளம்புக்கும் இரும்பு வேண்டும் என்பதால், கொல்லன் இல்லாத வட்டாரமே இல்லை. ஆயிரம் ஊரில் ஆயிரம் கொல்லன், ஆயிரம் தனித்தனிக் குடும்பம், ஒரே பெயர். மூதாதை ஒருவர் இல்லை.

முதலில் அது பட்டப்பெயராகத்தான் இருந்திருக்கும். ஜான் என்ற கொல்லன், அவ்வளவுதான். அவன் மகன் நெசவுக்குப் போனால் நெசவாளன் என்று பெயர் மாறும். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டுவாக்கில் பெயர் மாறுவது படிப்படியாக நின்றது. தொழில் போனாலும் பெயர் போகவில்லை. அந்த நிமிஷத்தில் அந்த வீட்டில் யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தாரோ, அது அப்படியே உறைந்துவிட்டது.

இதன் முதல் படி நமக்குப் பழக்கமானதுதான். மதுரைக் கொல்லன் புல்லன், மதுரைப் பெருங்கொல்லன், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். சங்கப் புலவர்களை இப்படித்தான் பிரித்துச் சொன்னார்கள். கணக்காயனார் மகனார் நக்கீரனாரிடம் இரண்டாம் படியும் இருக்கிறது: அப்பாவின் தொழிலால் மகனுக்கு அடையாளம். மூன்றாம் படிக்கு, அதாவது பேரனும் கொள்ளுப்பேரனும் கணக்காயர் என்றே எழுதிக்கொள்வதற்கு, அது போகவில்லை. ஆங்கிலத்தில் போனது.

#21 பழுப்புத்தாள்

இரண்டாம் படி என்றீர்களே, அதற்கு ஆங்கிலத்தில் ஒருவர் இருக்கிறார். ஸ்மித்சன். ஸ்மித்தின் மகன்.

ஹியூ ஸ்மித்சன் என்ற பிரபு, பெரிய இடத்தில் பெண் எடுத்தார். மனைவி வழியில் பெர்சி என்ற பழம்பெருங்குடிப் பெயர் கிடைத்தது. 1750இல் ஸ்மித்சனைக் கழற்றிப் போட்டுவிட்டு பெர்சி ஆனார், அப்புறம் நார்தம்பர்லண்ட் கோமகனும் ஆனார். அவருக்கு மணவுறவுக்கு வெளியே ஒரு மகன். அந்தப் பையன் அம்மாவின் முந்தைய கணவர் பெயரில் ஜேம்ஸ் மேஸி என்று வளர்ந்தான், வேதியியல் படித்தான். 1800இல் அம்மா இறந்ததும் தன் பெயரை மாற்றிக்கொண்டான். அப்பாவின் பெர்சி அவனுக்குக் கிடைக்காது. அப்பா வேண்டாமென்று தூக்கிப்போட்ட ஸ்மித்சனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

1829இல் ஜெனோவாவில் இறந்தார். உயிலில் சொத்து சகோதரர் மகனுக்கு. அவன் வாரிசில்லாமல் போனால் அமெரிக்காவுக்கு, அறிவை வளர்க்கவும் பரப்பவும் அங்கே ஸ்மித்சன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்க. அமெரிக்காவில் அவர் காலே வைத்ததில்லை! சகோதரர் மகன் 1835இல் வாரிசில்லாமல் போனான். 1838இல் 104,960 தங்க நாணயங்கள் பெட்டிகளில் கப்பலேறின. 1846இல் ஸ்மித்சோனியன் பிறந்தது. 1904இல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் போய் அவருடைய எலும்பைக்கூட அங்கே கொண்டுவந்துவிட்டார்.

பெர்சி குடும்பத்தை வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஸ்மித்சனை வாஷிங்டனுக்குச் சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

#22 புதுமுகம்27

நன்றி அகரமுதலி ஐயா. அப்படியென்றால் பெயரை வைத்து ரத்த உறவு பார்க்க முடியாதா?

#23 கணக்குப்பிள்ளை

பார்க்கவே கூடாது, தம்பி. ஹெல்முட் ஷ்மிட்டை எடுத்துக்கொள். 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமர். அவருடைய அப்பா ஒரு யூத வங்கிக்காரருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்து, ஷ்மிட் என்ற வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். நாஜி ஆட்சியில் அந்த உண்மை வெளியே வந்திருந்தால் குடும்பமே போயிருக்கும். கொல்லன் என்ற சாதாரணப் பெயர் அவர்களுக்கு ஒரு மறைவிடம்.

அப்புறம் முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் எத்தனையோ ஷ்மிட்கள் ஜெர்மன் வாடை வேண்டாமென்று தாங்களே ஸ்மித் ஆனார்கள்.

#24 புதுமுகம்27

அது எல்லிஸ் தீவில் அதிகாரிகள் மாற்றியது இல்லையா?

#25 கணக்குப்பிள்ளை

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் கதை. கப்பல் ஏறுகிற இடத்திலேயே எழுதிவந்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு, எல்லிஸ் தீவில் பெயரைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். மாற்றிக்கொண்டவர்கள் பிற்பாடு, வேலைக்காக, கடைப்பலகைக்காக, அக்கம்பக்கத்துக்காக மாற்றிக்கொண்டார்கள்.

எதிர்த்திசையிலும் உண்டு. டொரொன்டோவில் 1892இல் பிறந்த கிளாடிஸ் ஸ்மித், மேடைக்கு அந்தப் பெயர் எடுபடாது என்று மேரி பிக்ஃபோர்ட் ஆனார். மௌனப் படக் காலத்தின் மகாராணி.

#26 வால்நட்சத்திரம்

இடையில் ஒரு நோபல் கணக்கு. ஹாமில்டன் ஸ்மித், 1978 மருத்துவம். மைக்கேல் ஸ்மித், 1993 வேதியியல். மேலே சொன்ன வெர்னன் ஸ்மித். கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சிசிடி சில்லுக்காக ஜார்ஜ் ஸ்மித், 2009 இயற்பியல். 2018 வேதியியலுக்கும் ஒரு ஜார்ஜ் ஸ்மித், வேறு ஆள். நோபலில் அமைதியும் இலக்கியமும் மட்டும் கொல்லன் கைக்கு வரவில்லை. சத்தம் போடுகிற தொழில், அமைதி கொஞ்சம் கஷ்டம்தான்.

#27 நடுநிசி

துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் & வெஸன்? ஹொரஸ் ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் வேலை பார்த்தவர், இரும்பைத் தொட்டவர்தானே! கிரீடம் ப்ளீஸ்.

#28 கரித்துண்டு

அரைக் கிரீடம். ஆயுதசாலை வேறு, ஊர் உலைக்களம் வேறு. துருத்தி வேண்டும், அடைகல் வேண்டும், குதிரை லாடம் வேண்டும். பென்சில் கம்பெனி ஃபாபெரையும் யாராவது கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 1761இல் நியூரெம்பர்க் அருகே அதைத் தொடங்கிய கஸ்பார் ஃபாபெர் தச்சர்.

#29 மரவட்டை

பார்சிகளில் ஃபரூக் எஞ்சினியர், நரி கான்ட்ராக்டர் எல்லாம் இருக்கிறார்களே, அவர்களைச் சேர்க்கலாமா? கொல்லன் இல்லைதான், ஆனால் தொழில் உறைந்து பெயரான கதை அதேதான். எஞ்சினியர் கீப்பிங் செய்தார், கான்ட்ராக்டர் தொடக்க ஆட்டக்காரர்.

#30 கரித்துண்டு

அது தனி இழை. நீங்களே தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

#31 பனித்தடம்

தாமதமாக வருகிறேன். இழை முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லியோன்ஹார்ட் செப்பலா. 1877இல் நார்வேயின் வடகோடியில் ஃபின்லாந்து வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஃபின்னிஷ் மொழியில் செப்பா என்றால் கொல்லன். அப்பா மீன்பிடிப்பவர், கொல்லரும்கூட. மகனும் அப்பா வழியிலேயே மீன் பிடித்தார், பட்டறையில் இரும்பும் அடித்தார். பிறகு அலாஸ்காவில் நோம் என்ற இடத்தில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு 1900இல் கப்பலேறினார். தங்கத்தைவிட நாய்கள் அவருக்கு நன்றாக வந்தன. பனிச்சறுக்கு வண்டியில் சைபீரிய நாய்களைப் பூட்டி ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

1925 ஜனவரி. நோமில் தொண்டை அடைப்பான் பரவுகிறது. மருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். விமானம் பறக்காத குளிர். இருபது பேர் நாய்வண்டியில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ஐம்பது, எண்பது கிலோமீட்டர் ஓட்டினால், செப்பலா போக வர நானூறு கிலோமீட்டருக்கும் மேல். அதில் உறைந்த கடல்மீது குறுக்கே போன பகுதிதான் ரொம்ப ஆபத்து. முன்னால் ஓடிய நாய் டோகோவுக்கு வயது பன்னிரண்டு. கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். பால்டோவும் செப்பலா வீட்டு நாய்தான், ஆனால் அந்தச் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு டோகோ ஞாபகம் வந்து வயிறெரிந்ததாம்.

பெயரில் கொல்லன். கையிலும் சம்மட்டி பிடித்தவர். உலகத்துக்கும் தெரிந்தவர்.

#32 கரித்துண்டு

வந்தாச்சு! எல்லாரும் எழுந்து நில்லுங்கள். கிரீடம் பனித்தடத்துக்கு.

#33 அகரமுதலி

சந்தோஷத்தைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனால் பெயர் செப்பா இல்லை, செப்பலா. ஃபின்னிஷில் கடைசியில் வரும் அந்த லா இடத்தைக் குறிக்கும் விகுதி. செப்பலா என்றால் கொல்லன் இல்லை, கொல்லன் இருந்த இடம்.

பதிவு ஏழைப் பாருங்கள்.

#34 நடுநிசி

ஐயோ.

#35 கரித்துண்டு

…விதியை எழுதியது நான்தான், தெரியும்.

#36 பனித்தடம்

அப்போ எர்ரேராவையும் உள்ளே விடுங்கள்.

#37 கரித்துண்டு

இரண்டு நாள் டைம் கொடுங்கள். யோசிக்கிறேன்.